துசிடிடீஸ் சொல்லாத திறைக் கணக்கு: ஏதென்ஸ் பேரரசு பற்றிக் கட்டுரை எழுத உதவி தேவை

#1 ஆந்தை
எல்லோருக்கும் வணக்கம். இங்கிலாந்தில் பண்டைய வரலாறு படிக்கிறேன், இரண்டாம் ஆண்டு. கிரேக்கம் தெரியாது, எல்லாம் மொழிபெயர்ப்பில்தான்.

போன வாரம் ஒரு கட்டுரை திருத்தி வந்தது. கேள்வி: டீலோஸ் கூட்டணி எப்போது ஏதென்ஸின் பேரரசாக மாறியது? நான் எழுதியது இதுதான். கி.மு. 478இல் பாரசீகர்களை எதிர்க்க ஏதென்ஸ் தலைமையில் கூட்டணி அமைந்தது. நாக்சோஸ் தீவு விலகப் பார்த்தது, அடக்கினார்கள். 465இல் தாசோஸ் தீவு கிளர்ச்சி செய்தது, அதையும் அடக்கினார்கள். 454இல் கூட்டணியின் கருவூலத்தை டீலோஸ் தீவிலிருந்து ஏதென்ஸுக்கே கொண்டுபோனார்கள். அத்தோடு கூட்டணி போய்ப் பேரரசு வந்தது.

ஓரத்தில் ஆசிரியர் ஒரே வரி எழுதியிருக்கிறார்: "இது துசிடிடீஸின் சுருக்கம். சான்று எங்கே?"

எனக்குப் புரியவில்லை. அந்தக் காலத்தில் வாழ்ந்து, தளபதியாகவே இருந்த வரலாற்றாசிரியர் துசிடிடீஸ். அவரைவிட வேறென்ன சான்று வேண்டும்? திருத்தி மறுபடி கொடுக்க இரண்டு வாரம் அவகாசம் இருக்கிறது.

#2 தேநீர்க்கடை
நான் மாணவனில்லை, சும்மா படிக்கிறவன். கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் பாரசீக மன்னனின் காலாட்படையை மட்டும் 17 லட்சம் என்று எழுதினார். அதை இன்று யாரும் நம்புவதில்லை. துசிடிடீஸ் சொன்னால் மட்டும் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். ஏன் என்று எனக்கும் யாராவது சொல்லுங்கள்.

#3 பவளமல்லி
கும்பிட வைக்கும்படி எழுதத் தெரிந்தவர், அதனால்தான்.

ஆந்தை, "அந்தக் காலத்தில் வாழ்ந்தவர்" என்கிறீர்களே, எந்தக் காலம்? அவர் எழுத எடுத்துக்கொண்டது கி.மு. 431இல் ஏதென்ஸுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் தொடங்கிய பெலோபொனீசியப் போர். அதில் அவர் நேரடிச் சாட்சிதான். 424இல் தளபதியாக இருந்தார், ஆம்ஃபிபோலிஸ் நகரத்தைக் காப்பாற்ற முடியாமல் போய் 20 வருடம் நாடுகடத்தப்பட்டார். ஏதென்ஸைத் தாக்கிய கொள்ளைநோய் அவருக்கே வந்து பிழைத்திருக்கிறார்.

உங்கள் கட்டுரை பேசும் 478 முதல் 440கள் வரை வேறு கதை. அதையும் சேர்த்துப் போர் வரையிலான ஏறக்குறைய ஐம்பது வருடங்களுக்கு முதல் புத்தகத்தில் அவர் ஒதுக்கியது சுமார் 30 சின்ன அத்தியாயங்கள். பாதி நிகழ்வுகள் அவர் பிறப்பதற்கு முன்போ, சிறுவனாக இருந்தபோதோ நடந்தவை. அதில் ஒரு வேடிக்கையும் உண்டு. தனக்கு முன் எழுதிய ஹெலானிகஸ் அந்தக் காலத்தைச் சுருக்கமாக எழுதினார், காலக்கணக்கும் துல்லியமில்லை என்று குறை சொல்லித்தான் ஆரம்பிப்பார். பிறகு அவரே "அதன்பின்", "மூன்றாம் ஆண்டில்" என்று கோத்துக்கொண்டே போவார். நாம் ஆண்டு எண் போட்டுப் படிப்பதெல்லாம் பின்னால் வந்த அறிஞர்கள் கூட்டிக் கழித்துக் கண்டுபிடித்தது.

அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவரவில்லை. ஏதென்ஸ் எப்படி ஸ்பார்ட்டா பயப்படும் அளவுக்கு வளர்ந்தது என்று காட்டத்தான் அந்தப் பகுதியை எழுதினார். அந்த வாதத்துக்கு வேண்டியதை எடுத்தார், வேண்டாததை விட்டார். நீங்கள் அவர் எடுத்ததை அப்படியே திருப்பி எழுதினால் அவர் வாதத்தையும் சேர்த்து எழுதிவிடுகிறீர்கள்.

#4 கல்தச்சன்
இன்னொரு விஷயம். "454இல் கருவூலத்தைக் கொண்டுபோனார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். துசிடிடீஸைத் திறந்து அந்த வரியைத் தேடிப் பாருங்களேன்.

#5 ஆந்தை
தேடிவிட்டேன். இல்லை! வகுப்புக் குறிப்பிலிருந்து எடுத்தேன் போல. அப்படியானால் அந்த 454 எங்கிருந்து வந்தது?

#6 கல்தச்சன்
ஒரு கல்லிலிருந்து.

ஏதென்ஸ் கல்வெட்டு அருங்காட்சியகத்தில் மூன்றரை மீட்டருக்கும் மேல் உயரமான ஒரு பளிங்குத் தூண் நிற்கிறது. தூண் என்பதே மரியாதைக்குத்தான். நூற்றுக்கும் மேற்பட்ட உடைந்த துண்டுகளைப் பொருத்தி எழுப்பியது. நான்கு பக்கமும் எழுத்து. கி.மு. 454/3இல் (ஏதென்ஸின் ஒரு ஆண்டு நம் கணக்கில் இரண்டு ஆண்டுகளில் விழும்) தொடங்கி 15 வருடத்துக் கணக்கு அதில் வெட்டப்பட்டது. கூட்டாளி நகரங்கள் ஆண்டுதோறும் கட்டிய திறையில் அறுபதில் ஒரு பங்கு ஏதீனா தெய்வத்துக்குக் காணிக்கை. அந்தக் காணிக்கைப் பட்டியல்தான் அது. ஏதீனாவின் பங்கு அந்த ஆண்டில் தொடங்குவதால் பணமும் அப்போதுதான் ஏதென்ஸ் வந்திருக்க வேண்டும் என்று கணிக்கிறோம். இடமாற்றத்தைப் பற்றி எழுதும் ப்ளூட்டார்க் 500 வருடம் கழித்து எழுதியவர், ஆண்டு சொல்லவில்லை.

படிப்பது எளிது. எண்களுக்கு அந்தந்தச் சொல்லின் முதல் எழுத்தையே குறியாக வைத்திருந்தார்கள். ஆயிரத்துக்குக் "கிலியோய்" என்பதன் முதல் எழுத்து, பத்துக்கு "டெகா" என்பதன் முதல் எழுத்து. ஒரு நகரத்தின் பெயருக்குப் பக்கத்தில் நூறின் குறி மூன்று இருந்தால் 300 திராக்மா (வெள்ளி நாணயம்). அறுபதால் பெருக்கினால் 18,000. ஆறாயிரம் திராக்மா ஒரு டாலன்ட், ஆக அந்த ஊர் கட்டிய திறை 3 டாலன்ட். ஏஜினா போன்ற பெரிய ஊர் 30 டாலன்ட். தாசோஸ் முதலில் 3 கட்டி, பிறகு 30க்குப் போகிறது. ஏன் பத்து மடங்கு என்று துசிடிடீஸில் ஒரு வார்த்தை கிடையாது.

ஒரு டாலன்ட் எவ்வளவு என்று கைக்குள் பிடித்துக்கொள்ள ஒரு வழி: ஒரு போர்க்கப்பலில் 200 பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு திராக்மா என்றால் மாதம் 6,000. அதாவது ஒரு கப்பலை ஒரு மாதம் ஓட்டும் கூலி.

#7 மூன்றாம்வரிசை
உள்ளே வரலாமா? நான் இதே பாடத்தை ஒரு வருடம் படித்துவிட்டு விட்டவன். இப்போது பிழைப்பு கணக்குத் தணிக்கை. அதனால் இந்தப் பட்டியலைப் பார்த்தாலே கை பரபரக்கும்.

துசிடிடீஸ் இரண்டு எண் தருகிறார். கூட்டணி ஆரம்பித்தபோது விதித்த திறை 460 டாலன்ட். போர் தொடங்கும்போது ஆண்டுக்குச் சுமார் 600. ஆனால் கல்லில் உள்ள காணிக்கையை அறுபதால் பெருக்கிக் கூட்டினால் போருக்கு முந்தைய வருடங்களில் 400ஐத் தொடவே திணறுகிறது. வகுப்பில் இதைச் சொன்னபோது எல்லோரும் "அப்போ துசிடிடீஸ் தப்பு" என்றார்கள். தணிக்கை செய்கிறவன் அப்படிச் சொல்ல மாட்டான். இரண்டு கணக்கும் ஒரே பொருளின் கணக்கா என்று முதலில் கேட்பான்.

600 என்பதில் திறையோடு கூட்டாளிகளிடமிருந்து வந்த மற்றப் பணமும் சேர்ந்திருக்கலாம். சாமோஸ் கிளர்ச்சி செய்து தோற்று, தவணையில் நஷ்டஈடு கட்டிக்கொண்டிருந்தது. ஆரம்பத்து 460 டாலன்டில், பணமாகக் கட்டாமல் கப்பலாகக் கொடுத்தவர்களின் பங்கையும் மதிப்புப் போட்டுச் சேர்த்திருக்கலாம். கல்லோ வருமானப் பேரேடு அல்ல, தெய்வத்தின் பங்குக்கு ரசீது. ஒரு ஊர் அதில் இல்லை என்றால் கட்டவில்லை என்று ஆகாது. தாமதமாகக் கட்டியிருக்கலாம், அல்லது கல்லில் அந்த இடமே உடைந்திருக்கலாம்.

முதல் பட்டியலின் தலைப்பிலேயே தணிக்கையாளர்கள் முப்பது பேர் வருகிறார்கள். அதைப் படித்த அன்றுதான் என் தொழிலின் மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது.

#8 தேநீர்க்கடை
ரசீது! இது பிடித்திருக்கிறது. ஆனால் கல் பொய் சொல்லாது, புத்தகம்தான் சொல்லும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

#9 கல்தச்சன்
கல் பொய் சொல்வதுண்டா என்பதைவிட, கல் எந்த வருடத்தது என்பதிலேயே அரை நூற்றாண்டு அடிதடி நடந்திருக்கிறது.

ஏதென்ஸ் தீர்மானங்கள் பலவற்றில் ஆண்டு கிடையாது, அல்லது உடைந்துபோயிருக்கும். எழுத்தின் வடிவத்தை வைத்துக் காலம் சொல்வார்கள். "சிக்மா" என்ற எழுத்தை முதலில் மூன்று கோட்டில் வெட்டினார்கள், பிறகு நான்கு கோட்டில். ஆண்டு உறுதியாகத் தெரிந்த கல்வெட்டுகளில் கி.மு. 445ஐ ஒட்டி மூன்று கோட்டு சிக்மா மறைந்துவிடுகிறது. எனவே மூன்று கோடு இருந்தால் அதற்கு முந்தியது என்று ஒரு விதியே வைத்துக்கொண்டார்கள்.

அந்த விதியின் மேல் ஒரு மாளிகை கட்டப்பட்டது. கூட்டாளி நகரங்கள் ஏதென்ஸின் நாணயம், எடை, அளவுகளையே பயன்படுத்த வேண்டும் என்று ஒரு தீர்மானம் உண்டு. அதன் பிரதிகள் பல ஊர்களில் துண்டு துண்டாகக் கிடைத்தன. காஸ் தீவுத் துண்டில் மூன்று கோட்டு சிக்மா. ஆகவே அது 440களின் தொடக்கம், ஆகவே ஏதென்ஸின் தலைவர் பெரிக்ளிஸ் காலத்திலேயே ஏதென்ஸ் கூட்டாளிகளின் கழுத்தை நெரித்துவிட்டது என்று எழுதினார்கள்.

1961இலிருந்து ஹெரால்டு மாட்டிங்லி என்பவர் இது தவறு, இந்தத் தீர்மானங்கள் பல 420களைச் சேர்ந்தவை என்று தனியாக நின்று வாதிட்டார். ரொம்பக் காலம் பெரும்பாலோர் ஏற்கவில்லை. தகராறின் நடுவில் எஜெஸ்டா என்ற சிசிலி நகரத்தோடு செய்த உடன்படிக்கைக் கல் ஒன்று. அதில் மூன்று கோட்டு சிக்மா இருக்கிறது, அந்த ஆண்டுக்குப் பெயர் தரும் ஆட்சியாளர் பெயரின் கடைசி இரண்டு எழுத்தும் தெரிகிறது. ஹாப்ரோன் என்றால் 458/7. ஆன்டிஃபோன் என்றால் 418/7. இடைவெளி 40 வருடம்! 1990இல் லேசர் ஒளியும் படச் செயலாக்கமும் வைத்துப் பார்த்தவர்கள் ஆன்டிஃபோன் என்று படித்தார்கள். அந்தப் படிப்பைக் கேள்வி கேட்டவர்களும் உண்டு, ஆனால் இன்று பெரும்பான்மை அந்தப் பக்கம்தான். நாணயத் தீர்மானத்தையும் இப்போது பலர் 420களுக்கோ அதற்கும் பிறகோ கொண்டுபோகிறார்கள். 414இல் மேடையேறிய அரிஸ்டோஃபனீஸின் "பறவைகள்" நாடகத்தில் அதைக் கிண்டல் செய்வதுபோல ஒரு இடம் இருப்பதும் அதற்கு ஒத்துப்போகிறது.

ஆந்தை, உங்கள் கேள்வி "எப்போது" என்பதுதானே? ஒரு எழுத்தில் ஒரு கோட்டை எப்படி எண்ணுகிறீர்கள் என்பதைப் பொறுத்து விடை பெரிக்ளிஸிடமிருந்து, அவருக்குப் பின் வந்த தலைவர் கிளியோனிடம் போய்விடும்.

#10 தேநீர்க்கடை
ஒரு கோட்டில் பெரிக்ளிஸ் தப்பினார்.

#11 பவளமல்லி
முழுக்கத் தப்பவில்லை, அவர் அடக்கிய சாமோஸ்காரர்களைக் கேட்டால் தெரியும்.

எழுத்து வடிவத்தை வைத்துச் சண்டை போடுவது நம் காலத்துக் கண்டுபிடிப்பில்லை. பாரசீகத்தோடு ஏதென்ஸ் செய்ததாகச் சொல்லப்படும் காலியாஸ் சமாதானம் துசிடிடீஸில் இல்லை. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அதன் கல்வெட்டைக் காட்டிப் பெருமை பேசினார்கள். தியோபாம்பஸ் என்ற வரலாற்றாசிரியர் இது போலி என்றார். காரணம், பழைய ஆட்டிக் எழுத்தில் இல்லாமல் அயோனிய எழுத்தில் வெட்டியிருக்கிறது. ஏதென்ஸ் அரசு அயோனிய எழுத்துக்கு மாறியது 403/2இல்தான். பழைய உடன்படிக்கையைப் பிற்காலத்தில் மறுபடி வெட்டியிருக்கலாமே என்பது எதிர்வாதம். நடந்ததா இல்லையா என்று இன்றும் கட்சி கட்டுகிறார்கள்.

திறைப் பட்டியலிலும் 440களின் தொடக்கத்தில் ஒரு வருடத்துப் பட்டியலைக் காணோம். சமாதானம் வந்ததால் அந்த வருடம் திறை வாங்கவில்லை என்று சிலர் அதையும் இதையும் முடிச்சுப் போட்டார்கள். இரண்டு ஓட்டையை ஒன்றோடொன்று அடைத்தால் சுவர் ஆகாது என்பது என் கட்சி.

#12 ஆந்தை
இவ்வளவு நாள் மூல நூல் படித்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்! சரி, ஒரு சந்தேகம். நாணயம், திறை எல்லாம் ஏதென்ஸ் பக்கக் கணக்கு. கூட்டாளிகள் என்ன நினைத்தார்கள் என்று தெரிய வழியே இல்லையா? டி செயின்ட் க்ரோவா என்ற வரலாற்றாசிரியர் 1954இல் எழுதிய கட்டுரையைப் படிக்கச் சொன்னார்கள். சாதாரண மக்கள் ஏதென்ஸை விரும்பினார்கள், பணக்காரர்கள்தான் வெறுத்தார்கள் என்கிறார். அது சரியா?

#13 பவளமல்லி
மித்திலீனி என்ற கூட்டாளி நகரத்தின் கதையை வைத்துச் சோதித்துப் பாருங்கள். துசிடிடீஸின் மூன்றாம் புத்தகம். கி.மு. 428இல் கிளர்ச்சி, அடுத்த வருடம் முற்றுகையில் நகரம் பட்டினி. ஸ்பார்ட்டாவிலிருந்து வந்திருந்த சாலீதஸ் கனரக ஆயுதங்களை எடுத்துப் பொதுமக்கள் கையில் கொடுக்கிறான், வெளியே போய்த் தாக்குங்கள் என்று. ஆயுதம் கைக்கு வந்ததும் அவர்கள் யார் பேச்சையும் கேட்கவில்லை. பணக்காரர்கள் பதுக்கிய தானியத்தை வெளியே கொண்டுவந்து எல்லோருக்கும் பங்கிடுங்கள், இல்லாவிட்டால் நாங்களே ஏதென்ஸோடு பேசி நகரத்தை ஒப்படைக்கிறோம் என்கிறார்கள்.

பிறகு ஏதென்ஸ் சபையில் விவாதம். ஆண்கள் எல்லோரையும் கொல்ல முதல் நாள் முடிவெடுத்துக் கப்பலும் அனுப்பிவிட்டார்கள். மறுநாள் மனம் மாறுகிறது. கிளியோன் கொல் என்கிறான். டயோடோட்டஸ் வேண்டாம் என்கிறான்: எல்லா நகரங்களிலும் பொதுமக்கள் நம் பக்கம், அவர்களைக் கொன்றால் நமக்கே நஷ்டம் என்று. உங்கள் கட்டுரையாளர் அழுத்தமாகப் பிடித்துக்கொள்ளும் இடங்களில் இது ஒன்று.

ஆனால் பேச்சுகளைப் பற்றி துசிடிடீஸே ஒப்புக்கொள்கிறார்: சொல்லுக்குச் சொல் நினைவில் வைக்க முடியவில்லை, உண்மையில் பேசியதன் மொத்தக் கருத்தைக் கூடியவரை ஒட்டி, அந்தந்தச் சூழலில் பேச வேண்டியது என்று தனக்குப் பட்டதைத் தந்திருக்கிறேன் என்று. அப்படியானால் டயோடோட்டஸின் வரி மக்கள் மனநிலைக்குச் சான்றா, வாக்கு வாங்குவதற்கான வாதமா, துசிடிடீஸின் சரக்கா?

#14 மூன்றாம்வரிசை
எனக்கு அந்தத் தானியம்தான் சான்று. அவர்கள் ஏதென்ஸ் வாழ்க என்று சொல்லவில்லை, சோறு போடு என்றார்கள். பசித்தவனை ஒரு கட்சியில் சேர்ப்பது நியாயமில்லை.

#15 பவளமல்லி
ஒத்துக்கொள்கிறேன், முக்கால்வாசி. நாங்களே ஒப்படைக்கிறோம் என்று சொல்லத் துணிந்தார்களே, ஏதென்ஸ் தங்களைக் கொன்றுவிடாது என்று ஏதோ நம்பிக்கை இருந்திருக்க வேண்டும். அந்த நம்பிக்கையைத்தான் சபை முதல் நாள் பொய்யாக்கப் பார்த்தது.

அந்த இரண்டாவது கப்பலை விட்டுவிடாதீர்கள், ஆந்தை. முதல் கப்பல் ஒரு பகலும் இரவும் முன்னால் போய்விட்டது. பின்னால் போனவர்கள் துடுப்பை விடாமல், ஒயினும் எண்ணெயும் கலந்த வாற்கோதுமை மாவைத் தின்றுகொண்டே, முறைவைத்துத் தூங்கி, விரட்டிக்கொண்டு போனார்கள். முதல் கப்பல்காரர்களுக்கு அந்த வேலையில் மனமில்லை, மெதுவாகப் போனார்கள். தளபதி ஆணையைப் படித்து முடித்த நேரத்தில் இரண்டாவது கப்பல் கரை சேர்ந்தது. துடுப்பு வலித்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்று ஒரு வரி கிடைக்கும் அபூர்வமான இடம் அது.

#16 ஆந்தை
இதைப் படித்த பிறகு கிரேக்கம் கற்காமல் விட்டோமே என்று இருக்கிறது. அடுத்த வருடம் தொடக்க நிலை வகுப்பில் சேரலாமா? எல்லோரும் பயமுறுத்துகிறார்கள்.

#17 பவளமல்லி
சேருங்கள். வினைச்சொல் வடிவங்கள் முதல் ஆறு மாதம் கழுத்தை அறுக்கும், மறைக்கவில்லை. ஆனால் ஆங்கிலத்தில் மட்டும் யோசிக்கிறவர்கள் முட்டிக்கொள்ளும் ஒரு இடத்தில் நமக்கு வழி தெரியும். கிரேக்கன் ஒரு வாக்கியத்தில் "வந்து, கண்டு, கேட்டு, அஞ்சித் திரும்பினான்" என்று அடுக்கிக்கொண்டே போவான். எல்தோன், வந்து. இடோன், கண்டு. முற்றுவினை ஒன்றுதான். நம் வினையெச்சம் மாதிரியே ஓடும். பெயரெச்சம் மாதிரி "வந்தவர்களை", "தோற்ற நகரத்தின்" என்றும் வரும். அவனுடையதில் பால், எண், வேற்றுமை எல்லாம் ஒட்டிக்கொள்ளும், அதுதான் வித்தியாசம்.

துசிடிடீஸை மட்டும் முதலில் எடுக்காதீர்கள். ஹாலிகார்நாசஸ் ஊர் டயோனிசியஸ் கிரேக்கர்தான், அவரே இந்த ஆளின் நடை புரியவில்லை என்று பக்கம் பக்கமாகப் புலம்பியிருக்கிறார். செனஃபோனில் ஆரம்பியுங்கள்.

#18 கல்தச்சன்
கல்வெட்டு வகுப்பு இருந்தால் அதிலும் சேருங்கள். நம் ஊரில் மைப்படி எடுப்பதைப் பார்த்திருக்கலாம். அங்கே மை கிடையாது. வடிகட்டித் தாளைத் தண்ணீரில் நனைத்துக் கல்மேல் போர்த்தி, கெட்டித் தூரிகையால் தட்டித் தட்டி எழுத்துக் குழிக்குள் இறக்குவார்கள். காய்ந்ததும் உரித்தால், கல்லைத் தொட்ட பக்கத்தில் எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பிப் புடைத்து நிற்கும். விளக்கைச் சாய்த்துப் பிடித்து நகர்த்தினால், ஒரு கோணத்தில் இல்லாத கோடு இன்னொரு கோணத்தில் எழும். நான் முதல்முறை எடுத்தபோது மூன்று கோட்டு சிக்மா கண்டுபிடித்துவிட்டேன் என்று குதித்தேன். மூன்றாவது கோடு தாளில் விழுந்த மடிப்பு.

#19 ஆந்தை
நேற்று இரவு புதிய வரைவு முடித்தேன். "எப்போது" என்பதை விட்டுவிட்டு, எந்தச் சான்று எந்த ஆண்டைக் காட்டுகிறது, ஏன் ஒத்துப்போகவில்லை என்று மாற்றிவிட்டேன். நாக்சோஸுக்கு துசிடிடீஸ், 454க்குக் கல், நாணயத் தீர்மானத்துக்கு சிக்மா தகராறு, மக்கள் பக்கத்துக்கு மித்திலீனித் தானியம்.

முடிவில் தூடிப்பஸ் முன்மொழிந்த கி.மு. 425/4 தீர்மானத்தை வைத்திருக்கிறேன். திறையை ஒரேயடியாக 1,460 டாலன்டுக்கு ஏற்றினார்கள், இவ்வளவு பெரிய விஷயத்தை துசிடிடீஸ் குறிப்பிடவே இல்லை. அந்தப் பட்டியலில் மீலோஸ் தீவும் 15 டாலன்டுக்கு இருக்கிறது! அப்போது மீலோஸ் ஏதென்ஸின் கீழேயே இல்லை, 416இல்தான் பிடித்தார்கள். துசிடிடீஸின் புகழ்பெற்ற மீலோஸ் உரையாடலில் இந்தப் பழைய பாக்கியைப் பற்றிப் பேச்சே இல்லை. எப்படி?

#20 மூன்றாம்வரிசை
அருமை. விதித்ததும் வசூலானதும் வேறு என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். மீலோஸே அதற்குச் சாட்சி.

#21 கல்தச்சன்
மீலோஸ் நல்ல இடம். 1,460ஐ மட்டும் எங்கிருந்து எடுத்தீர்கள்?

#22 ஆந்தை
மொழிபெயர்ப்புத் தொகுப்பிலிருந்து. ஏன் அண்ணா?

#23 கல்தச்சன்
அதில் எண்ணைச் சுற்றி எங்காவது சதுர அடைப்புக்குறி இருக்கிறதா பாருங்கள். சதுர அடைப்புக்குள் இருப்பது கல்லில் இல்லாதது, பதிப்பாசிரியர் நிரப்பியது.

#24 ஆந்தை
இருக்கிறது. எண்ணின் தொடக்கத்தில். கவனிக்கவே இல்லை.

#25 கல்தச்சன்
அந்த மொத்தத்தின் முதல் குறி உடைந்துபோய்விட்டது. மிஞ்சியது 460இலிருந்துதான் ஆரம்பிக்கிறது. முன்னால் ஆயிரத்தின் குறி இருந்திருந்தால் 1,460க்கு மேல், ஐந்நூறின் குறி இருந்திருந்தால் 960க்கு மேல். பெரும்பாலோர் ஆயிரம் என்றே எடுக்கிறார்கள், நானும் அந்தப் பக்கம்தான். ஆனால் அதைக் கட்டுரையில் நீங்கள் வாதாடி நிறுவ வேண்டும், கல்மேல் பழியைப் போடக் கூடாது.

#26 ஆந்தை
வியாழக்கிழமை வரை நேரம் இருக்கிறது. மறுபடி உட்காருகிறேன்.